உங்கள் வீட்டு அழுக்கு எங்களுக்குத் தெரியும்

என் கொழுந்தனை எனக்குப் பிடிக்கும் என்று இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதையும் ஒரு போர்டில் எழுதி வாசலில் மாட்டிவிடுவான். வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். ஊருக்கு அவன் டமாரம்.

அவனை நான் முதலில் தெரிந்துகொண்டது என் கல்யாணப் பத்திரிகையில்தான். அப்போது அவன் ஓர் அச்சகத்தில் எடுபிடியாக இருந்தான். "அண்ணன் பத்திரிகையை நான் பார்த்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போனவன், கடைசியில் தன் கைச்சரக்காக ஒரு வரி சேர்த்துவிட்டான்: 'மண்டபம் சின்னது. தயவுசெய்து யாரும் வராதீர்கள்.' என் அப்பா அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. ஆனால் வந்தார்களே! அழைத்தவர்கள் வந்தார்கள், அழைக்காதவர்கள் வந்தார்கள், அப்படி என்னதான் சின்ன மண்டபம் என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர்களும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மணப்பெண்ணான எனக்கே நிற்க இடமில்லை. ஒரு ஜன்னலோரமாக ஒடுங்கிக்கொண்டிருந்தபோது, ஒல்லியாக ஒருத்தன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான்.

"பாத்தீங்களா அண்ணி? வாங்கன்னு எழுதியிருந்தா பாதிப் பேர் வந்திருக்க மாட்டாங்க."

அவன் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அன்றைக்கே ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் பின்னால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். புதுப்பெண் என்பதால் கையைக் கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் அச்சகத்தை விட்டான், ஒரு கம்பெனியில் சேர்ந்தான், அவர்கள் அவனை விட்டார்கள். கடைசியில் கடைகளுக்கு விளம்பரம் எழுதிக்கொடுக்கும் தொழிலில் இறங்கினான். ஆபீஸ் எங்கள் வீட்டு மாடி. அங்கே ஒரு மேசை, மூடி காணாமல் போன பெயின்ட் டப்பாக்கள், ஒரு சுழல் நாற்காலி. அந்த நாற்காலி ஒரு பக்கம் மட்டும்தான் சுழலும். மறுபக்கம் பார்க்க வேண்டுமென்றால் முழுசாக ஒரு சுற்றுச் சுற்றித்தான் வர வேண்டும்.

அவனுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது மூக்குக் கண்ணாடிக் கடைதான். ஆள் உயரத்துக்குப் பெரிய எழுத்தில் 'மூக்குக் கண்ணடி விற்கப்படும்' என்று எழுதி மாட்டினான். துணைக்காலை வேண்டுமென்றே விட்டுவிட்டான். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் போகிற வருகிறவர்களால் பொறுக்க முடியவில்லை. தப்பைக் கண்டுபிடித்தவனுக்கு அதைச் சொல்லாமல் தூக்கம் வருமா? ஒவ்வொருவராக உள்ளே ஏறி வந்து, "ஐயா, வெளியே கண்ணடிக்கறீங்க, ஒரு கால் விட்டுப்போச்சு" என்றார்கள். டமாரம் சொல்லிக்கொடுத்தபடி கடைக்காரர் மரியாதையாக நாற்காலியை இழுத்துப் போட்டு, "அது தெரிஞ்சுதா? அப்ப இந்தக் கடைசி வரி தெரியுதான்னு பாருங்க" என்று சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் காட்டினார். பாதிப் பேருக்குக் கடைசி வரி தெரியவில்லை.

அடுத்தது மெத்தைக் கடை. 'எங்கள் மெத்தையில் படுத்தவர்கள் எழுந்ததே இல்லை.' இதற்கு ஊரே கொதித்தது. கடைக்காரரின் மாமியார், மருமகன் ஆசையாகக் கொடுத்த மெத்தையை வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். புகார் வந்திருக்கிறது என்று விசாரிக்க வந்த போலீஸ்காரர், நிலைமையை நேரில் ஆராய்வதற்காக ஒன்றில் படுத்துப் பார்த்தார், பிறகு அதையே வாங்கிக்கொண்டு போனார்.

"அண்ணி, நல்லா இருக்குன்னு தோணினா ஒருத்தர்கிட்ட சொல்வாங்க. அடப்பாவி, இப்படியும் எழுதுவானான்னு தோணினா தெரு முழுக்கச் சொல்வாங்க. திட்டட்டுமே! திட்டறதுக்குக் கடை பேரைச் சொல்லித்தானே ஆகணும்?" இதைச் சொல்லும்போது அவன் கண் மின்னும்.

இப்படி ஊரையே பேசவைத்தவன் தன்னைப் பற்றி வாய் திறந்து நான் கேட்டதில்லை. அவனுக்கு ஒருமுறை நிச்சயதார்த்தம் ஏற்பாடாகி நின்றுபோனது. புதுக் கோட்டு போட்டுக்கொண்டு போனான், திரும்பி வந்தான், மாடிக்கு ஏறினான், அவ்வளவுதான். ஏன் என்று நான் கேட்டபோது, "அண்ணி, சூடா ஏதாவது குடிக்கக் குடுங்களேன்" என்றான். அதற்கப்புறம் நானும் கேட்கவில்லை.

அவன் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், நேர் எதிர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆண்டவன் கொடுத்த பேச்சைத் தம்பி ஒருத்தனே வழித்து எடுத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன். சலவைக் கடை அவருடையது. இரண்டு துவைக்கிற மெஷின், ஒரு உலர்த்துகிற மெஷின், நீளமான இஸ்திரி மேசை. முன்னால் கவுன்டரில் நான். துணி வாங்குவது, ஓரத்தில் மையால் குறி போடுவது, வாடிக்கையாளர்களோடு வாயாடுவது என் வேலை. அவர் பின்கட்டில் நீராவிக்குள் நின்றுகொண்டிருப்பார்.

அவரிடம் ஒரு பழக்கம். துணியை மெஷினில் போடுவதற்கு முன்னால் எல்லாப் பைகளையும் துழாவுவார். சில்லறை, பயணச்சீட்டு, மாத்திரை, மடித்த காகிதம், எது கிடைத்தாலும் சின்ன உறைக்குள் போட்டு ஒட்டிவிடுவார். துணி வெளுத்து மடிந்து வரும்போது அந்தந்தச் சட்டையின் மேல் அந்தந்த உறை ஊசியில் குத்தியிருக்கும். காகிதத்தை ஒருநாளும் பிரித்ததில்லை. "என்னங்க அது?" என்று நான் மூக்கை நீட்டினால், "காகிதம்" என்பார். இவரோடு குடும்பம் நடத்துகிற நான் எவ்வளவு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே வயிறு எரியும்.

தெருமூலையில் புதுச் சலவைக் கடை வந்தது. கண்ணாடிக் கதவு, உட்கார சோபா, துணி சுற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டே குடிக்க இலவசக் காப்பி. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். எங்கள் கடை வாசலைத் தாண்டும்போது மட்டும் துணி மூட்டையை மறுகைக்கு மாற்றிக்கொள்வார்கள், எனக்குத் தெரியாதாம். நான் கவுன்டரில் ஈ ஓட்டினேன். இஸ்திரிப் பெட்டி சும்மா சூடாகி, சும்மா ஆறியது. இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"தம்பிகிட்ட சொல்லி ஒரு போர்டு எழுதலாமா?" என்று சாப்பிடும்போது மெல்லக் கேட்டேன்.

"வேண்டாம்" என்றார். அவருடைய கணக்குக்கு அது நீளமான பேச்சு.

அந்தச் சமயம் பார்த்து ஒரு மெஷினின் மோட்டார் போயிற்று. உதிரிபாகம் வாங்க அவர் வெளியூர் போனார். பஸ் கிளம்பியதோ இல்லையோ, நான் மாடிக்கு ஏறினேன். டமாரம் நாற்காலியில் முழுச் சுற்றுச் சுற்றி என் பக்கம் வந்தான்.

"தம்பி, நம்ம கடைக்கு ஒண்ணு எழுது. ஆனா மானம் போற மாதிரி எழுதாதே."

"நம்ம மானம் போகாது அண்ணி" என்றான். அந்த 'நம்ம'வில் ஒரு அழுத்தம் இருந்தது. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் கடை நெற்றியில் கருப்புப் பலகை, வெள்ளை எழுத்து: 'உங்கள் வீட்டு அழுக்கு எங்களுக்குத் தெரியும்.'

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சலவைக் கடைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன எழுத முடியும் என்று நினைத்தேன். தெரு அப்படி நினைக்கவில்லை. வாசலில் நின்றார்கள், படித்தார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள், மறுபடி படித்தார்கள். மதியத்துக்குள் கூட்டம் கூடிவிட்டது.

முதலில் வந்தது குடியிருப்போர் சங்கத் தலைவர். எப்போதும் கஞ்சி போட்டு விறைத்த சட்டையில் வருகிறவர், அன்று சட்டையைவிட விறைப்பாக வந்தார்.

"என்னம்மா இது? குடும்பம் நடத்தறவங்க இருக்கிற தெருவில இப்படியா எழுதறது? உடனே எடுங்க!"

"துணி அழுக்கைத்தான் சார் சொல்றோம்."

"எந்தத் துணி? எனக்குத் தெரியும் நீங்க எதைச் சொல்றீங்கன்னு. அந்தப் பச்சைக் கோட்டுப் பையில இருந்த சீட்டு என்னுது இல்ல. குதிரைப் பந்தயத்துக்குப் போறது என் மச்சான். கோட்டை இரவல் வாங்கிட்டுப் போனான்!"

பச்சைக் கோட்டும் எனக்கு நினைவில்லை, சீட்டும் எனக்குத் தெரியாது. இப்போது எனக்கும் தெரிந்தது, பின்னால் நின்ற பதினைந்து இருபது பேருக்கும் தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் அவருடைய மச்சானும் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்து பேக்கரிக்காரர். அவர் சத்தம் போடவில்லை, கவுன்டரில் சாய்ந்துகொண்டு காதும் காதும் வைத்த மாதிரிப் பேசினார். "அக்கா, அந்த வெள்ளைச் சட்டையில இருந்த கறை… அது அடுத்த தெரு பேக்கரி கேக்கோட கறைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? வெளியில சொல்லிடாதீங்கக்கா. என் கடை கேக் எனக்கே பிடிக்கலைன்னு தெரிஞ்சா பொழப்பு போயிடும்." மருந்துக்கடைக்காரர் தன் தலைமுடிச் சாயம் தலையணை உறையில் ஒட்டியதை ஒத்துக்கொண்டார். இப்படி ஆளாளுக்கு வந்து, நாங்கள் தெரியும் என்று சொன்ன அழுக்கைத் தாங்களே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். இத்தனை வருஷம் என் வீட்டுக்காரர் உறையில் போட்டு ஒட்டி எனக்குத் தெரியாமல் வைத்திருந்த ஊர் வம்பு முழுவதும் ஒரே நாளில் கவுன்டருக்கு வந்து சேர்ந்தது. உண்மையைச் சொன்னால், அன்று நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

துணியும் வந்தது. திட்டிவிட்டுப் போனவர்கள் சாயங்காலம் மூட்டையோடு வந்தார்கள். வராமல் இருந்தால் நமக்கு என்னவோ அழுக்கு இருக்கிறது என்று ஊர் நினைத்துவிடுமே! மூலைக்கடை சோபாவில் ஆள் இல்லை. டமாரம் எதிர்ப் பக்கம் நின்றுகொண்டு கூட்டத்தை ரசித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் டீச்சர் வந்தார்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். அதிர்ந்து பேசாதவர். வாரம் தவறாமல் தன்னுடைய உடுப்புகளோடு கணவருடைய இரண்டு சட்டைகளையும் போடுவார். கணவருக்கு வெளியூரில் வேலை, சனி ஞாயிறு வந்துபோவார் என்று எல்லோருக்கும் தெரியும். இஸ்திரி போட்ட அந்த இரண்டு சட்டையையும் டீச்சர் பைக்குள் வைக்க மாட்டார். ஹேங்கரோடு கையில் தூக்கிக்கொண்டு தெரு நடுவே போவார்.

அன்று அவர் போர்டைப் பார்த்தபடியே நின்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கவுன்டருக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"என் துணியெல்லாம் குடுத்துடுங்க."

"இன்னும் துவைக்கலையே டீச்சர்…"

"பரவாயில்ல. அப்படியே குடுத்துடுங்க."

பையை மார்போடு அணைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார். வாசல் படியில் ஒரு சட்டை நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தபோது அவர் அழுதுகொண்டிருந்ததை நான் மட்டும் பார்க்கவில்லை. கூட்டமே பார்த்தது.

"இந்த அம்மா எதுக்கு இப்படிப் பதறுது?" என்றார் சங்கத் தலைவர். தன் பச்சைக் கோட்டிலிருந்து பேச்சை நகர்த்த அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

"அது சரி, அவங்க வீட்டுக்காரரை நீங்க யாராவது சமீபத்தில பாத்தீங்களா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் உதிரிபாகத்தோடு வந்து இறங்கினார். போர்டை அண்ணாந்து படித்தார். நேரே உள்ளே போய் மோட்டாரைக் கழற்றினார். கோபத்தில் கத்துகிற ஆளாக இருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கத்தி முடித்திருப்பேன். இவரிடம் என்ன செய்வது? நானே போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். சங்கத் தலைவர் கதைக்கும் பேக்கரிக் கதைக்கும் முகத்தில் அசைவில்லை. டீச்சர் என்றதும் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். வாசலில் டமாரம் வந்து நின்றான்.

"அந்தச் சட்டைங்க அழுக்கா வந்ததே இல்ல" என்றார்.

"என்னங்க சொல்றீங்க?"

"ஒரு வருஷமா. காலர்ல ஒரு கோடு இருக்காது. நாம போட்ட மடிப்புகூடக் கலையாம வரும். யாரும் போட்டுக்கல."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த மனுஷன் டீச்சரை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. தெரு கேட்கக் கூடாது என்பதற்காக அந்தப் பெண் வாராவாரம் வெறும் சட்டைகளைச் சலவைக்குப் போட்டு, ஊர் பார்க்கத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

"அப்ப நீங்க அதை ஏன் துவைச்சீங்க?"

"துவைக்கத்தானே குடுத்தாங்க" என்றார். பிறகு தம்பியைப் பார்த்தார். "அவங்க வீட்டு அழுக்கு நமக்குத் தெரியும்னு நீதான்டா சொல்லிட்டே."

அதற்கப்புறம் அவனோடு அவர் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது ஊருக்குத் தெரிந்ததுதான். ஆனால் இது வேறு. சோற்றுத் தட்டைத் தம்பி பக்கம் நகர்த்துகிற பழக்கம் ஒன்று அவரிடம் உண்டு. அதுகூட நின்றுபோனது. டமாரமும் வாயை மூடிக்கொண்டான். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் என் குரலை மட்டும் நானே கேட்டது அந்த நாட்களில்தான். எனக்குப் பிடிக்கவில்லை.

தெருவோ பேசிக்கொண்டே இருந்தது. டீச்சர் கடைக்குப் போனால் பேச்சு நிற்கும், திரும்பினால் தொடரும். பள்ளிக்கூட வாசலில் பெற்றோர்கள் குசுகுசுத்தார்கள். பேக்கரிக்காரர் வந்து, "அக்கா, டீச்சர் வீட்டைக் காலி பண்றேன்னு சொல்லிட்டாங்களாம். மாசக் கடைசியில போறாங்களாம்" என்றார். போர்டைக் கழற்றி உள்ளே வைத்தேன். போர்டு இறங்கியது, பேச்சு இறங்கவில்லை. எங்கள் கடை பிழைத்துக்கொண்டதற்கு அந்தப் பெண் குடிபெயர வேண்டுமா?

டமாரம் படியிறங்கி வந்து கவுன்டரில் என் எதிரே நின்றான். சரியாகத் தூங்காத முகம்.

"அண்ணி, ஊர் வாயை மூட முடியுமா?"

"உன்னாலயா? நீ திறந்துதான்டா பழக்கம்."

"மூட முடியாது" என்று அவனே சொல்லிக்கொண்டான். "வேற பக்கம் திருப்பலாம். கொடிக்கயிறு இருக்கா?"

அடுத்த நாள் நான் கடை திறக்க வந்தபோது அவன் எனக்கு முன்னால் வந்திருந்தான். பழைய பலகையைப் பழைய இடத்திலேயே மாட்டியிருந்தான். 'தெரியும்' என்பதில் கடைசி இரண்டு எழுத்தை அழித்துவிட்டுத் திருத்தியிருந்தான்: 'உங்கள் வீட்டு அழுக்கு எங்களுக்குத் தெரியாது.' அதன்கீழே புதிதாக ஒரு வரி: 'எங்கள் வீட்டு அழுக்கு இதோ.'

கடை முகப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கொடி கட்டி, தன்னுடைய துணிகளைத் தொங்கவிட்டிருந்தான். ஒவ்வொன்றின் மேலும், அவன் அண்ணன் குத்துகிற மாதிரியே, ஊசியில் ஒரு சீட்டு.

ஒரு கழுத்து டை. 'இதைக் கட்டிக்கொண்டு கம்பெனி வேலைக்குப் போனேன். இரண்டே வாரத்தில் துரத்திவிட்டார்கள். நானே விட்டேன் என்று சொன்னது பொய்.'

ஒரு பெரிய துண்டு. 'ஓட்டலில் சுட்டது.'

ஒரு நீலச் சட்டை. 'அண்ணனுடையது. கேட்காமல் எடுத்தேன். யாராவது நன்றாக இருக்கிறது என்றால் என்னுடையது என்பேன்.'

ஒரு கோட்டு. 'நிச்சயதார்த்தத்துக்குப் போட்டது. எல்லோரும் வந்தார்கள், பெண் வரவில்லை. வேறொருவரைப் பிடித்திருக்கிறதாம். அதற்குப் பிறகு இதைப் போடவில்லை.'

கடைசியில் ஒரு தலையணை உறை. அதன் சீட்டில் ஒரே வரி. 'அன்றைக்கு ராத்திரி அழுதது இதில்தான்.'

ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்த நான் அந்த உறைக்கு முன்னால் நின்றுவிட்டேன். அன்றைக்கு நான் கேட்டபோது 'சூடா ஏதாவது குடிக்கக் குடுங்க' என்றவனா இவன்? எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

"என்ன தம்பி இது? உன் மானத்தை நீயே…"

"அண்ணி," என்று கண்ணைக் காட்டினான். "ஆள் வருது பாருங்க."

வந்தார்கள். ஐயோ, எப்படி வந்தார்கள்! முன்னால் போட்ட போர்டுக்கு வந்த கூட்டமெல்லாம் ஒரு கூட்டமா? பக்கத்துத் தெருக்களிலிருந்து வந்தார்கள். ஒரு கோடியிலிருந்து படித்துக்கொண்டே மறுகோடிக்குப் போய், திரும்பப் படித்துக்கொண்டே வந்தார்கள். "இப்படியும் ஒருத்தன் செய்வானா?" என்றார் சங்கத் தலைவர், கோட்டுச் சீட்டை மூன்றாம் முறையாகப் படித்தபடி. அந்தப் பெண் யார், இப்போது எங்கே இருக்கிறாள் என்று பேக்கரியில் பெரிய ஆராய்ச்சி நடந்தது. துண்டைத் தேடிக்கொண்டு ஓட்டல் மேனேஜரே நேரில் வந்தார். டமாரம் அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, எல்லோரும் பார்க்க அவர் கையில் கொடுத்தான். கூட்டம் கைதட்டியது. ஊர் அவனை அலசிப் பிழிந்து காயப்போட்டது. அவன் நடுவில் நின்றுகொண்டு கேட்டவர்களுக்கெல்லாம் கோட்டுக் கதையை முதலிலிருந்து சொன்னான். சொல்லச் சொல்ல அதில் நகைச்சுவை ஏறிக்கொண்டே போனது.

டீச்சரைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. டீச்சர் அந்தப் பக்கம் நடந்துபோனதைக்கூட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் கொடியில் இருந்தது.

கொடி தொங்கிய வாரக் கடைசியில் டீச்சர் கடைக்கு வந்தார். உள்ளே வருவதற்கு முன்னால் கொடியோரமாக நடந்து ஒவ்வொரு சீட்டையும் படித்தார், பரீட்சைத்தாள் திருத்துகிற நிதானத்தோடு. துண்டு இருந்த இடத்தில் 'உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று சீட்டு மட்டும் தொங்கியது. அதைப் பார்த்து லேசாகச் சிரித்தார். தலையணை உறைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு கவுன்டருக்கு வந்து பையை வைத்தார். அப்போது கடையில் மருந்துக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார், இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

"இதில என் துணி மட்டும்தான் இருக்கு" என்றார். குரலைத் தாழ்த்தவில்லை. "இனிமே சட்டை வராது. அவர் என்னை விட்டுட்டுப் போய் ஒரு வருஷம் ஆச்சு."

மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். தலையணை உறைச் சாயத்தை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, மூடிக்கொண்டார்.

"வீடு காலி பண்றதா…" என்று இழுத்தேன்.

"இல்ல, சொல்லிட்டேன், இருக்கேன்னு." வெளியே கொடியைக் கண்ணால் காட்டினார். "இவ்வளவையும் தொங்கவிட்டுட்டு அவர் பாட்டுக்கு நின்னு சிரிச்சிட்டிருக்காரே. ஊரே படிச்சுது. படிச்சிட்டு அவங்கவங்க வீட்டுக்குச் சாப்பிடப் போயிட்டாங்க."

பின்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பையை வாங்கினார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன்.

"போர்வை இருந்தாலும் போடுங்க டீச்சர்" என்றார். "ரெண்டு சட்டைக்குப் பதிலா ஒரு போர்வை மெஷின்ல போகும்."

டீச்சர் சிரித்துவிட்டார். எனக்கு என் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கடையில் ஆள் இருந்ததால் இரண்டும் செய்யவில்லை.

டீச்சர் போன பிறகு அவர் வாசலுக்குப் போனார். டமாரம் யாரோ இரண்டு பேருக்குக் கோட்டுக் கதையை ஆரம்பித்திருந்தான். இவர் கொடியின் கடைசிக்குப் போய், சீட்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தலையணை உறையைக் கழற்றினார்.

"அண்ணா, அது விளம்பரம்… இருக்கட்டும்" என்றான் டமாரம்.

அவர் உறையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஈரம் இருக்கிறதா என்று எல்லாத் துணியையும் அப்படித்தான் பார்ப்பார்.

"காஞ்சு போச்சுடா," என்றார். "எடுத்துடலாம்."

எத்தனையோ நாளைக்குப் பிறகு தம்பியோடு பேசியது அதுதான். டமாரத்துக்குக் கதை பாதியில் நின்றுபோனது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் "அப்புறம்?" என்றார்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடியை அவிழ்க்க ஆரம்பித்தான். உள்ளே இவர் அந்த உறைக்கு இஸ்திரி போட்டு, நாலாக மடித்து, நீலச் சட்டையையும் அதன்மேல் வைத்து, சூடு ஆறுவதற்குள் தம்பி கையில் கொடுத்தார்.